பழவேற்காடு ரோடு எத்தனை வண்டி தாங்கும்?

"சென்னைக்கு மிக மிக அருகில்" என்று ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு எங்க பக்கத்துக்கும் வந்துடுச்சு. திருப்பாலைவனம் தாண்டி, வயல் ஓரத்துல ரெண்டு பனை மரத்துக்கு நடுவுல கட்டியிருக்காங்க. பொன்னேரி ஸ்டேஷன் 15 நிமிடம், ஏரி 5 நிமிடம், சுத்தமான காற்று, கையில் கொஞ்சம் பணம் இருந்தால் போதும், மீதிக்கு லோன். எந்த வண்டியில, எத்தனை மணிக்குப் போனா 15 நிமிஷம்னு மட்டும் அதுல போடல. எங்க டவுன் பஸ்ல அரை மணி நேரத்துக்குக் குறைஞ்சு நான் ஒரு நாளும் பொன்னேரி போனதில்லை. வழியில ஒரு அறுவடை மிஷின் எதிர்ல வந்துட்டா அந்தக் கணக்கும் போச்சு.

மனை எத்தனைன்னு விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல்ல 200, அப்புறம் "ஃபேஸ் டூ". எங்க பக்கம் நிலத்தை ஒரு காலத்துல காணிக் கணக்குல பேசினோம். அப்புறம் ஏக்கர், அப்புறம் சென்ட். இப்போ டீக்கடையில சதுர அடிக் கணக்குலதான் பேச்சு. 2014 மத்திய பட்ஜெட்டுல சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்துல பொன்னேரியை ஒரு ஸ்மார்ட் சிட்டியா ஆக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கி.மீ.க்கு வந்தாச்சு. எண்ணூர் துறைமுகத்துல ஆரம்பிச்சு தச்சூர் வழியா மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரி வரைக்கும் இன்னொரு எல்லைச் சாலை, சுமார் 133 கி.மீ. 2022-ல சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யா விரிச்சாங்க. மீஞ்சூரைத் துணை நகரமா வளர்க்கற பேச்சும் ஓடுது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு முளைக்கும். அந்தப் பெரிய சாலையெல்லாம் அகலம். அதுலேருந்து இறங்கி ஏரிக்கு வர்ற எங்க ரோடு மட்டும் அப்படியேதான் இருக்கு.

நிலத்தை வித்தவங்களை நான் குறை சொல்லப் போறதில்லை. ஆரணியாத்துல வெள்ளம் வந்தா ஒரு போகம் போகும், வரலைன்னா இன்னொரு போகம் போகும். பொண்ணு கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் வித்தவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க. வாங்குறவங்களையும் குறை சொல்லல. வாடகை வீட்டுல இருபது வருஷம் இருந்தவங்களுக்கு ஒரு அரை கிரவுண்டுன்னா அது பெரிய ஆசைதான். நான் கேக்கறது ஒண்ணுதான்: இத்தனை வீடு வந்தா இந்த ரோடு என்ன ஆகும்னு அனுமதி கொடுக்கற இடத்துல யாராவது பார்த்தாங்களா?

முதல்ல இந்த ரோடு யாருக்கானதுன்னு சொல்லிடறேன். பழவேற்காடு ஏரியில ராத்திரி பூரா வலை கட்டிப் பிடிக்கிற இறாலும் நண்டும் மடவையும் விடியக்காலையில கரைக்கு வரும். ஏலம் எடுக்கறவங்க, ஐஸ் வண்டி, குட்டியானை, மீன் கூடையோட பெண்கள், இவங்கெல்லாம் இருட்டோட கிளம்பி மெதூர் வழியா பொன்னேரிக்குப் போகணும். அங்கேருந்து ரயிலைப் பிடிச்சு மெட்ராஸுக்குப் போறவங்களும் உண்டு. ஆண்டிக்குப்பத்துலேருந்து வர்ற ஒரு அக்கா எங்க வீட்டுக்கு மீன் கொடுக்கறவங்க. அவங்க சொன்னது: "தம்பி, ஒரு மணி நேரம் ரோட்டுல நின்னா எறா வெலை எறங்கிடும். மறுபடி ஐஸ் வாங்கிப் போடணும். அந்த ஐஸ் காசுதான் என் லாபம்." இதுக்கு மேல அந்த விஷயத்துல நான் விளக்க ஒண்ணும் இல்லை.

காலை எட்டு மணிக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்க, மாடு, பால் கேன், டிராக்டர். தை மாசத்துல நெல்லும் ரோட்டுலதான். அதுக்கு நகரத்து ஆளுங்க எங்களைத் திட்டறது தெரியும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க. களம் இருக்கற ஊர் கொஞ்சம். காயவைக்கத் தாரைத் தவிர வேற எங்க போறது? ரோடு எண்ணற என்ஜினீயருங்க லாரி, பஸ், பைக்குன்னு எல்லாத்தையும் கார் அளவுக்கு மாத்தி ஒரு எண் சொல்லுவாங்க. கூடையை இறக்கி வெச்சுட்டு ஷேர் ஆட்டோவுக்கு நிக்கற பொம்பளை அந்த எண்ணுல வரமாட்டாங்க, காயற நெல்லும் வராது.

இப்போ அந்த 200 மனையை எடுத்துக்குவோம். வீடு கட்டினப்புறம் வர்ற பைக், காரைப் பத்தித்தான் எல்லாரும் யோசிக்கறாங்க. அதுக்கு முன்னாடி வர்றது டிப்பர் லாரி. எங்க பூமி தாழ்ந்த பூமி, மழைத் தண்ணி ஏரிக்கு இறங்கற வழி. மனையை மூணு அடியாவது உயர்த்தாம யாரும் கடைக்கால் போட மாட்டாங்க. 1,200 சதுர அடி மனைக்கு மூணு அடின்னா 3,600 கன அடி, அதாவது 36 யூனிட். லாரிக்கு மூணு யூனிட் வெச்சா மனைக்கு 12 லோடு. 200 மனைக்கு 2,400 லோடு, போக வர 4,800 நடை. இது வெறும் மண் மட்டும். உள் ரோடு, செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், கம்பி எதையும் நான் சேர்க்கல. அந்த சவுடு மண்ணு எந்த ஏரியிலேருந்து வரும்னு கேட்டா அது தனியா எழுத வேண்டிய கதை.

இன்னொண்ணு, நகரத்துல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலைப் பார்த்தவங்கதானே நீங்க. ஒரு மனைப்பிரிவை மூணு அடி உயர்த்தினா அதுல நிக்க வேண்டிய தண்ணி பக்கத்து வயலுக்கும் ரோட்டுக்கும் வரும். ரோட்டுல தண்ணி நின்னா ரோட்டை உயர்த்துவாங்க. ரோட்டை உயர்த்தறப்போ சின்ன மதகுங்க காணாமப் போகும், அப்புறம் தண்ணி ரோட்டுக்கு மேற்கே எங்க வயல்லயே நிக்கும். அன்னைக்கு ஆம்புலன்ஸ் வரணும்னா? பெரிய வைத்தியம்னா நாங்க பொன்னேரிக்குத்தான் போகணும், பழவேற்காட்டுலேருந்து கிட்டத்தட்ட 18 கி.மீ. இருக்கற ஒரே நல்ல ரோடு இது.

ஞாயித்துக்கிழமை நெரிசலை இங்க வந்து போன எல்லாரும் பார்த்திருப்பீங்க. டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்டிரியா கோட்டை இருந்த இடம், டச்சுக் கல்லறை, குளிர் காலத்துல பூநாரை, அப்புறம் மீன் சாப்பாடு. வாங்க, வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா பாலத்து மேலயே காரை நிறுத்திட்டு போட்டோ எடுக்கறப்போ பின்னாடி லைட் ஹவுஸ் குப்பத்துலேருந்து வர்ற மீன் வண்டி நிக்குது. அந்தப் பாலம் வர்றதுக்கு முன்னாடி அக்கரை ஜனங்க பள்ளிக்கூடத்துக்கும் பிரசவத்துக்கும் படகுலதான் வந்தாங்க. அவங்களுக்காக வந்த பாலம் அது. கூட்டம் வந்தா என்ன ஆகும்னு யோசிக்காம விட்டதுக்கு 2011 டிசம்பர் 25-ஐ இங்க யாரும் மறக்கல. கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. படகு ரோடு இல்லைதான். ஆனா ஒரு ஊரு தாங்கற அளவு எவ்வளவுன்னு முன்னாடியே கேக்காம, செத்தப்புறம் தடை போட்ட கதை அது.

தாங்கற அளவைக் கணக்குப் பார்க்கறது எப்படின்னு ஏரியில மீன் பிடிக்கிறவங்ககிட்டயே கத்துக்கலாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் மூணு ஊருக்கும் 'பாடு' முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டின நல்ல இடங்கள்ல யார் எந்த நாள்ல சுத்து வலை கட்டறதுன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. வலுத்தவன் முதல்ல போய் இடம் பிடிச்சுக்க முடியாது, முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பாட்டுக்கு வெளியே இருக்கற மக்களுக்கு இதுல மனக்குறை உண்டு, சண்டையும் நடந்திருக்கு. அதை நான் மறைக்கல. இருந்தாலும் தண்ணியில எத்தனை வலை தாங்கும்னு கணக்கு வெச்சு, அதுக்கு மேல கட்டக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு அங்க தலைமுறை தலைமுறையா இருக்கு. ரோட்டுக்கு அப்படி ஒரு வரம்பு சொல்ல இங்க ஒரு ஆள் கிடையாது.

"வளர்ச்சி வந்தா ரோட்டையும் அகலம் பண்ணிடுவாங்க, எதுக்குக் கவலை"ன்னு எங்க ஊர்லயே இளவட்டங்க கேக்கறாங்க. எனக்கு அதுதான் பெரிய கவலை. மெட்ராஸ் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டு விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலை உலர்த்தின இடம், மீன் வித்த இடம் அதுன்னு அந்த மக்கள் சொன்னாங்க. குப்பத்துக்கு முன்னாடி ரோடு வந்துச்சு. கொஞ்ச வருஷத்துல பட்டினப்பாக்கத்துப் பக்கம் போற வர்ற வண்டிங்களுக்கு அது குறுக்கு வழி ஆயிடுச்சு. 2023 ஏப்ரல்ல, மீன் கடையால போக்குவரத்து நெரிசல்னு உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு. மாநகராட்சி கடைகளை அப்புறப்படுத்துச்சு. மீனைக் கொட்டி ரோட்டை மறிச்சாங்க ஜனங்க. 2024 ஆகஸ்ட்ல நவீன மீன் அங்காடி திறந்தாங்க, அது வேற விஷயம். நான் பார்க்கறது அதோட வரிசையை. ரோடு வர்றப்போ ஊருக்கு வசதின்னு வருது. வண்டி கூடினப்புறம் அதே ஊரு ரோட்டுக்கு இடைஞ்சல்னு பேரு வாங்குது.

தெற்கே ஈ.சி.ஆர்.ல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? ரோட்டுக்கு ஒரு பக்கம் குப்பம், இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாப்பும் பள்ளிக்கூடமும். ரோட்டைத் தாண்டறதே ஒரு வேலை. பழவேற்காட்டுலேருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் கடலோரமா இருக்கற குப்பங்களுக்கு ஒரு நாள் அந்த நிலைமை வரும்னு அங்க பெரியவங்க இப்பவே சொல்றாங்க. அவங்க பயப்படக் காரணம் இருக்கு. மீஞ்சூர், வல்லூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தவங்க அவங்க. பெரிய வண்டி ஒரு தடவை ஒரு வழியைக் கண்டுபிடிச்சுட்டா அதை விடாது.

சட்டத்துல இருக்கற ஒரு வித்தியாசத்தைப் பாருங்க. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கர்லேருந்து 6,110 ஏக்கரா விரிக்கற திட்டத்துக்கு மக்கள்கிட்ட கருத்துக் கேக்காம அனுமதி கிடைக்காது. 2021 ஜனவரி 22-ம் தேதி கூட்டம் வெச்சாங்க, தள்ளிப் போச்சு. 2023 செப்டம்பர் 5-ம் தேதி வெச்சாங்க, அதுவும் தள்ளிப் போச்சு. எதிர்ப்பு அப்படி. மீனவ ஜனங்க எழுந்து நின்னு பேச ஒரு மேடையாவது இருந்துச்சு. வீட்டுத் திட்டத்துக்கு அது கிடையாது. 2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில கட்டுமானத் திட்டத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லைன்னு விலக்கே கொடுத்திருக்காங்க. அந்த அனுமதியே கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் தாண்டினாத்தான், டவுன்ஷிப்புன்னா 50 ஹெக்டேர் தொட்டாத்தான் வேணும். 20 ஏக்கரைத் துண்டு போட்டு மனையா வித்து, வாங்கினவங்க ஆளுக்கு ஒரு வீடு கட்டிக்கிட்டா? எந்த மேஜைக்கும் அது மொத்தமா போகாது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஆறுன்னு மனைப்பிரிவு வந்து, எல்லாம் சேர்ந்து ஒரு டவுனே ஆகும். அந்த டவுனுக்கு யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டாங்க, ரோடும் இதே ரோடுதான்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தறது வேற ஒண்ணு. தமிழ்நாட்டுப் பக்கத்து ஏரி 1980-லேருந்து பறவைகள் சரணாலயம், 153 சதுர கி.மீ.க்கு மேல. அதனால இங்க கட்டுப்பாடு அதிகம், இருக்கவும் வேணும். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில மீனவ ஜனங்களோட நீண்ட கால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவா திட்டம் போடணும்னும் எழுதியிருக்கு. 2011-லயும் இருக்கு, 2019-லயும் இருக்கு. குப்பத்துல போய்ப் பாருங்க, அண்ணன் தம்பி மூணு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும். கல்யாணம் ஆன பையனுக்கு மனை எங்கன்னு கேட்டா பதில் இல்லை. அதே 2019 அறிவிக்கையில ஜன நெருக்கமான கடலோரக் கிராமங்கள்ல கட்டடம் கூடாதுங்கற எல்லையை 200 மீட்டர்லேருந்து 50 மீட்டரா குறைச்சாங்க. மீனவனுக்கு வீடு கட்டத்தான் குறைச்சோம்னு சொல்லலாம். கையில காசு இருக்கறவன் யாரு, ரிசார்ட்டும் வில்லாவும் கட்டறவன் யாருன்னு பார்த்துக்குங்க. வீடு வர்றதே வேணாம்னு நான் சொல்றேன்னு யாராவது நினைச்சா, அது இல்லை. முதல் வீடு குப்பத்துப் பிள்ளைக்கு வரட்டும். அவனுக்கு இந்த ரோட்டுல புதுசா ஒரு வண்டியும் சேராது, அவன் ஏற்கெனவே இங்கதான் இருக்கான்.

மனை வாங்கலாம்னு இருக்கற நகரத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரகர் உங்களைக் கூட்டிக்கிட்டு வர்றது பதினோரு மணிக்கு, ரோடு காலியா இருக்கற நேரம். நீங்களா ஒரு நாள் காலை அஞ்சு மணிக்கு வந்து பாருங்க, அப்புறம் ஒரு ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்க. நவம்பர்ல ஒரு மழைக்கு அப்புறமும் வாங்க. அனுமதி வாங்கின மனையான்னு கேக்கறது எல்லாரும் செய்யறதுதான். மழைத் தண்ணி எந்தப் பக்கம் இறங்கும், வரைபடத்துல மதகு எங்கேன்னும் சேர்த்துக் கேளுங்க. கேட்டா தரகர் முகம் எப்படி மாறுதுன்னு எனக்கு எழுதுங்க, நானும் கொஞ்சம் சிரிக்கிறேன்.

எங்க பக்கத்துல நாங்க கேக்கப் போறது ரொம்பப் பெருசு இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல ஏற்கெனவே கொடுத்த மனையையும் சேர்த்து ரோட்டுக்கு எத்தனை வண்டி கூடும்னு கணக்குப் போட்டு ஊர்ல வெக்கணும். மண் லாரி விடியக்காலை மீன் நேரத்துலயும் பள்ளிக்கூட நேரத்துலயும் ஓடக்கூடாது. ரோட்டை உயர்த்தினா இருக்கற மதகு ஒண்ணுகூட அடைபடக்கூடாது. பாலத்து மேல வண்டி நிறுத்த விடக்கூடாது, அதுக்குப் பதிலா ஊருக்கு வெளியே ஒரு இடம் ஒதுக்கணும். அந்தப் பார்க்கிங் காசைப் பஞ்சாயத்து வாங்கிக்கட்டும். கிராம சபை இப்போ வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. தீர்மானத்தை மனைப்பிரிவு அனுமதி கொடுக்கற அதிகாரி மதிப்பாரான்னு கேட்டா, மதிக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா பதிவுல இருக்கும். நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனா எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேணும் இல்லையா.

அதுக்கு எண்ணிக்கை வேணும். "ரொம்ப நெரிசல் சார்"னு சொன்னா யாரும் எழுதிக்க மாட்டாங்க. அதனால நாங்களே எண்ணறதா முடிவு பண்ணியிருக்கோம். காலேஜ் படிக்கற ரெண்டு பசங்க, மீன் விக்கற அக்கா, நான். மெதூர்ல ஒரு ஆள், பாலத்துல ஒரு ஆள். ஒரு புதன்கிழமை, ஒரு ஞாயித்துக்கிழமை, காலை நாலு மணியிலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும். லாரி, கார், பைக், மீன் வண்டிக்குத் தனித்தனியா கட்டம் போட்டிருக்கோம். கூடையோட நடந்து போறவங்களுக்கும் ஒரு கட்டம் வேணும்னு அக்கா சொன்னாங்க, அதையும் போட்டாச்சு. நோட்டு ரெண்டும் வாங்கி வெச்சிருக்கேன். பௌர்ணமி போகட்டும்னு காத்திருக்கோம், அமாவாசைப் பக்கம்தான் இறால் வரத்து ஜாஸ்தி.